வௌவால் பனை

விடிந்ததும் கொலாப் செய்கிற முதல் வேலை, பனைமரத்தடியில் கட்டியிருக்கும் வலையின் நாலு முனையையும் அவிழ்த்து, ராத்திரி விழுந்த வௌவால் புழுக்கையை நடுவில் கூட்டிச் சாக்கில் தட்டுவது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு கட்டம்போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டுதான் செய்வாள். துண்டு கட்டச் சொன்னது டீச்சர் நியாரி. காலங்காலமாக வௌவாலோடு குடித்தனம் பண்ணியாகிவிட்டது, இப்போது என்ன புதிதாக வேஷம் என்று ப்ரெக் அம்பில் ஊரே சிரித்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாகத் துண்டு முகத்துக்கு ஏறிவிட்டது. முதலில் சிரித்த நாத்தனார் ஹியாங்தான் இப்போது எல்லோரையும்விட இறுக்கிக் கட்டுகிறாள்.

மழைக்காலம் பாதி கடந்திருந்தது. ராத்திரி மழை பெய்தால் புழுக்கை நனைந்து களியாகிவிடும். களியை உர வியாபாரி காலால்கூடத் தொடமாட்டான். அன்றைக்கு வானம் பொறுத்துக்கொண்டது. இருந்தும் சாக்கில் விழுந்தது ஒரு முறம்கூடத் தேறவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். பச்சை மட்டைகளுக்குக் கீழே மரத்தைச் சுற்றிக் காய்ந்த ஓலைகள் தலைகீழாகக் கட்டித் தொங்கின. அந்த ஓலை மடிப்புகளுக்குள்தான் மஞ்சள் வயிற்று வௌவால்கள் பகல் முழுக்கத் தூங்கும். வௌவால் பனை வைத்திருக்கிற வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், நைந்த ஓலையை இறக்கிப் புது ஓலை கட்டுவார்கள். கொலாப் வீட்டில் இந்த வருஷம் கட்டவில்லை. கிழக்குப் பக்கத்து மரத்தின் ஓலைகளைப் போன மாதக் காற்று மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அதில் இருந்ததுகள் அன்றைக்கே அடுத்த வீட்டு மரத்துக்குக் குடிபோய்விட்டன. மிச்சம் இந்த ஒரு மரம்தான். இதிலும் பாதி ஓலையில் ஈர்க்கு மட்டும்தான் நின்றது. இன்னும் ஒரு பெரிய காற்று அடித்தால் இதுவும் போய்விடும். வீடு மாறிய வௌவால் லேசில் திரும்பி வராது. வயல் வெள்ளத்தில் கிடக்கும் இந்த மாதங்களில் அவர்கள் சோறு தின்பது இந்தச் சாக்கை நம்பித்தான்.

ஓலை கட்ட வேண்டியவன் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே போட்ட மூங்கில் கட்டிலில் கிடந்தான். சாரேத் அந்தப் பக்கத்தில் பேர்போன பனையேறி. கோடையில் காலையும் மாலையும் பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி, நடுவில் கிடைக்கிற நேரத்தில் வௌவால் பனைக்கும் ஓலை கட்டிவிடுவான். வௌவால்களைக் குடித்தனக்காரர்கள் என்றுதான் சொல்வான். "என்ன புள்ள, நம்ம குடித்தனக்காரங்க வாடகை குடுத்தாங்களா?" என்று தினமும் காலையில் கேட்பான். இந்த மழை தொடங்கின புதிதில் மிச்சமிருக்கிற இந்த மரத்தின் உச்சிக்குப் பக்கத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் வாடகையைப் பற்றிக் கேட்பதில்லை. கொலாப் சாக்கோடு வருவதைப் பார்த்தால் முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொள்வான்.

வேறு ஆளை ஏற்றலாமே என்றால், அது நடக்காது. ஊர் வழக்கப்படி, ஆளைத் தள்ளிவிட்ட பனையில் இன்னொரு ஆண்பிள்ளை ஏறமாட்டான். விழுந்தவனே எழுந்து வந்து, வெற்றிலையும் ஊதுபத்தியும் வைத்து, மரத்தோடு சமாதானமாகி ஏற வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிப்போட வேண்டும். சாரேத் ஊன்றி நடக்கவே அடுத்த வருஷம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தக் கவலைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் கொலாப்பின் நெஞ்சில் கிடந்தது. சாரேத்தின் மார்பில் ஒரு புத்த பிக்கு மந்திர எழுத்தைப் பச்சை குத்திவிட்டிருந்தார். பனையேறிக்கு அதுதான் காப்பு. காப்பு உள்ளவன் தலைக்கு மேலே பொம்பளை கைலி இருக்கக் கூடாது, இருந்தால் மந்திரம் இறங்கிப்போகும். அவன் விழுந்த அன்று காலை தூறல் போட்டதால் கொலாப் தன் ஈரக் கைலியை வீட்டுக்கு அடியில் கொடி கட்டிப் போட்டிருந்தாள். சாரேத் ஏதோ யோசனையில் அதன் கீழேயே நடந்து மரத்துக்குப் போனான். அடுத்த வீட்டுப் படியிலிருந்து ஹியாங் அதைப் பார்த்துவிட்டாள். தம்பி விழுந்ததும் ஓடிவந்தவள் முதலில் சொன்னதே அதைத்தான்.

"ஒன் கைலிதாண்டி எந்தம்பியத் தள்ளிவிட்டுச்சு!"

ஊர் முழுக்க அந்தப் பேச்சு போயிற்று. சாரேத் அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கொலாப்புக்கு வலித்தது அதுதான். இப்போதெல்லாம் கைலியைத் துவைத்தால் பன்றிக்கூண்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் காயப்போடுகிறாள்.

டீச்சர் நியாரி அன்றைக்குப் படகில் வந்து இறங்கினாள். பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நிஜத்தில் அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வௌவாலைப் பற்றிப் படித்துவிட்டு, வௌவால் இருக்கிற ஊர்களாகச் சுற்றுகிறவள். ப்ரெக் அம்பிலில் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனால் வாத்தியார் வெள்ளம் வடிந்தால்தான் வருவார். அதனால் நியாரி வரும் நாளில் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் கொலாப்பின் முற்றத்தில் கூட்டம் கூடிவிடும். வெளியூரிலிருந்து மற்றவர்கள் எல்லாம் வந்தால் வௌவாலால் நோய் வரும், ஓலையைக் கொளுத்து என்பார்கள். இவள் நோய் வரலாம் என்பதையும் சொல்வாள், துண்டு கட்டு, வெறுங்கையால் தொடாதே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்றும் சொல்வாள், அதோடு வௌவாலையும் விட்டுக்கொடுக்கமாட்டாள். அது ஊருக்குப் பிடித்திருந்தது.

வடக்கே மலைக் குகைகளில் வேலையாக இருந்துவிட்டு ரொம்ப நாள் கழித்து வருகிறாள். படகுக்காரர் சொல்லித்தான் சாரேத் விழுந்த விஷயம் அவளுக்குத் தெரியும். பையைக்கூட இறக்காமல் நேரே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து மண்தரையில் உட்கார்ந்தாள்.

"வாங்க டீச்சர். எந்திரிச்சு வணக்கம் சொல்ல முடியல, தப்பா நெனைக்காதீங்க. சாப்ட்டீங்களா?" என்றான் சாரேத்.

"அண்ணே, குட்டிங்க பறக்குற வரைக்கும் ஓலைய மாத்தாதீங்கன்னு நாந்தானே சொன்னேன். இல்லன்னா வெயில் காலத்துலயே ஏறி முடிச்சிருப்பீங்க. மழையில ஏற வேண்டி வந்திருக்காது."

"நீங்க சொன்னீங்க, எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. போன வருஷம் ஓலைய இறக்குறப்ப கண்ணு தெறக்காத குட்டிங்க பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. இவ ஒண்ணொண்ணாப் பொறுக்கி வெச்சுக்கிட்டு அழுதா. அதப் பாக்குறதுக்கு இது தேவல."

"காலு ஒடைஞ்சது தேவலையா?"

"எனக்குக் கம்பி வெக்க ஆஸ்பத்திரி இருக்கு. அதுங்களுக்கு இருக்கா?"

சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். அடுப்படியில் ஆம்பல் தண்டு நறுக்கிக்கொண்டிருந்த கொலாப்பின் கை நின்றுவிட்டது. இத்தனை நாளில் அவளிடம் அவன் இப்படிப் பேசிச் சிரித்ததில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவளிடம் சிரிக்கத் தெரிகிறது, சோறு போடுகிறவளிடம் தெரியவில்லை.

நியாரிக்குச் சோறும், ஆம்பல் தண்டு போட்ட புளிச்சாறும், சுட்ட விரால் துண்டும் வைத்தாள். அவள் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கத்துப் பனையேறிகளுக்கு ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கணுக்களில் கிளையைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, மரத்தோடு சேர்த்துப் பிரம்பால் இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். நியாரி தூரக்கண்ணாடி வைத்து அதைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். உச்சிக்குப் பக்கத்தில் மூங்கில் மரத்தை விட்டு விலகி நின்றது. அறுந்த பிரம்பு ஒன்று அதில் தொங்கிற்று. தொரட்டிக் கம்பை வாங்கி, இன்னொரு கம்போடு சேர்த்துக் கட்டி, ரொம்ப நேரம் போராடி அந்தத் துண்டை இழுத்துப் போட்டாள். அடிமரத்தில் இருந்த கட்டிலிருந்தும் ஒரு நுனியை வெட்டிக்கொண்டாள்.

"அக்கா, இங்க வாங்களேன்."

கொலாப் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நியாரி முதலில் அடிமரத்துப் பிரம்பைக் கையில் கொடுத்தாள். எவ்வளவு வளைத்தாலும் வளைந்தது, ஒடியவில்லை. பிறகு மேலே இருந்து வந்ததைக் கொடுத்தாள். கொலாப் விரலால் அழுத்தினாள். அப்பளம் மாதிரி நொறுங்கிற்று.

"ரெண்டும் ஒரே சமயத்துல கட்டினதா?"

"ஆமா. இந்த வருஷம் தொடக்கத்துல அவருதான் கட்டினாரு. பதநி மரத்துக்கும் இதுக்கும் சேத்துத்தான் கட்டுவாரு. வருஷத்துக்கு ஒருக்காக் கட்டினாப் போதும்."

"பதநி மரத்துக்குப் போதும் அக்கா. இது வௌவால் மரம். அத்தனை வௌவாலும் ராத்திரி பகலா மூத்திரம் விடுது. ஓலைக்கு நேர் கீழ இருக்கிற கட்டுல அது சொட்டிச் சொட்டி ஊறி உள்ள உளுத்துப்போச்சு. வெளிய பாத்தாத் தெரியாது. எனக்கும் இது இப்பத்தான் தெரியுது. ஓலைய எப்ப மாத்தணும்னு வருஷக்கணக்காப் பேசினேன். கட்ட ஒரு தடவகூடக் கேக்கல."

கொலாப் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கைலி இல்லியா டீச்சர்?"

நியாரிக்குப் புரியவில்லை. கொலாப் சொன்னாள். அன்றைக்குத் தூறியது, கொடி கட்டியது, ஹியாங் கத்தியது, பன்றிக்கூண்டுக்குப் பின்னால் காயப்போடுவது வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, கைலியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் படிச்சதுல அது இல்ல. அதனால அதப் பத்தி எதுவும் சொல்லமாட்டேன். ஆனா இந்தக் கட்ட அறுத்தது மூத்திரம். அத எங்க வேணா வந்து சொல்லுவேன்."

கொலாப்புக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முகத்தைக் கழுவிக்கொள்ளத் தொட்டிப் பக்கம் போனாள். தண்ணீரை மொண்டவள் அப்படியே நின்றாள். சாரேத் ஒரு கட்டைக் கையால் அழுத்திப் பார்க்காமல் அடுத்த கணுவில் காலை வைக்கிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் அவன் மரம் ஏறுவதைக் கீழே நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். கை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துதான் இருக்கும்.

சோற்றுக் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் போனாள். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

"மேல் கட்டு உளுத்திருந்துச்சாங்க?"

சாரேத் சாற்றை ஊதிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ ஆறிவிட்டது.

"கேக்குறேன்ல."

"பொசபொசன்னு இருந்துச்சு" என்றான். "கை வெச்சப்பவே தெரிஞ்சுது. எறங்கி வந்து பிரம்பு எடுத்துட்டுப் போயிருக்கணும். மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. இன்னும் ரெண்டு கணுதானே, தாங்கும்னு நெனச்சேன்."

"அப்ப, அண்ணி என் கைலியச் சொல்லிச் சொல்லிக் கத்துறப்ப வாய மூடிக்கிட்டு ஏன் கெடந்தீங்க?"

"வலியில கெடந்தேன் புள்ள."

"மொத நாளு வலி. அப்புறம்?"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"கட்டு உளுத்தது தெரிஞ்சும் ஏறி விழுந்தான்னு சொன்னா, அதுக்கப்புறம் எவன் என்ன பனையேறின்னு மதிப்பான்?"

"என்ன எவ மதிக்கிறா?" என்றாள் கொலாப். "சந்தையில ஒருத்தி பக்கத்துல உக்கார விடல, தெரியுமா? எம் புருஷன் மரம் ஏறுறவன், தள்ளிக்கன்னு சொல்றா."

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோபத்தில்கூட அவன் முதுகுத் தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாள். அதற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் நியாரி தயங்கித் தயங்கி அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, சாயங்காலம் எல்லாரும் வருவாங்க. கட்டு விஷயத்த நான் சொல்லித்தான் ஆகணும். ஊர்ல இன்னும் எத்தன வௌவால் மரம் இருக்கு. ஹியாங் அக்கா மகன்கூட ஏறுறான். ஆனா சொன்னா, அண்ணனுக்கு..."

கொலாப் அடுப்பில் ஈர விறகைத் தள்ளி ஊதினாள். புகை கண்ணில் ஏறியது. எல்லோர் முன்னாலும் டீச்சர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் மேல் விழுந்த பழி போய்விடும். நாளைக்கே கைலியை முற்றத்து நடுவில் காயப்போடலாம். ஹியாங்கின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. கட்டிலில் கிடக்கிறவன் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"சொல்லுங்க டீச்சர். எல்லார்ட்டயும் சொல்லுங்க. எந்த மரம்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப ஒங்க மேல இருக்கிற பேச்சு?"

"அது எங் கழுத்துல கெடக்கட்டும். பழகிப்போச்சு."

வெயில் தாழ்ந்ததும் முற்றம் நிறைந்துவிட்டது. பாயோடு வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் செருப்பைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். ஹியாங் வேகவைத்த சோளக்கதிர் ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள், மனுஷி வாய்தான் பொல்லாதது. நியாரி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, காலையில் விழுந்த புழுக்கை கொஞ்சம் கரைத்து, பூதக்கண்ணாடியைக் கை மாற்றி விட்டாள். பூச்சிகளின் இறக்கைத் துண்டுகள் மினுமினுத்தன.

"இதெல்லாம் புகையான் இறக்க. ஒங்க நெல்லுல சாறு உறிஞ்சுற அதே பூச்சி. இந்த மரத்துல இருக்கிறவங்க ராத்திரி முழுக்க வெள்ளம் ஏறாத மேட்டு வயல்ல போய் அதத்தான் தின்னுட்டு வராங்க."

"வாடகையும் குடுத்துட்டு வயல் வேலையும் பாக்குதா? எம் புருஷன்ட்ட இந்தக் கதையச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி.

இருள் கவிந்ததும் வௌவால்கள் ஓலைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே விழுந்து, விழுகிற போக்கிலேயே பறந்தன. நியாரி ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தை அந்தப் பெட்டி டக்டக் என்று கேட்கவைத்தது. பூச்சியை நெருங்கும்போது சத்தம் அவசர அவசரமாக வந்து சட்டென்று நிற்கும். "பிடிச்சிருச்சு" என்பாள் நியாரி. அடுத்த தடவையிலிருந்து கூட்டமே சேர்ந்து "பிடிச்சிருச்சு" என்று கத்தியது. கட்டிலிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்து வந்ததாக கொலாப்புக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை, கோபம் இன்னும் இருந்தது.

பிறகு நியாரி பிரம்புத் துண்டுகளை எடுத்தாள். மரத்தின் பேரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். துண்டுகள் கை மாறிப் போயின. ஆண்கள் வளைத்துப் பார்த்தார்கள், நொறுக்கிப் பார்த்தார்கள். ஹியாங்கின் மகன் தூளை விரலில் தேய்த்துக்கொண்டே தங்கள் மரத்துப் பக்கம் பார்த்தான்.

"இது எந்த மரத்துக் கட்டு?" என்று ஹியாங் கேட்டாள்.

நியாரி கொலாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த மரமா இருந்தா என்ன அண்ணி? நாளைக்கு மொத வேலையா ஒங்க மரத்துக் கட்ட அவுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் கொலாப்.

"பாக்கத்தான் போறோம். இருந்தாலும் கட்டு கட்டுதான், கைலி கைலிதான். எந்தம்பி கட்டினதெல்லாம் அப்படி உளுக்காது."

வீட்டுக்கு அடியில் கட்டில் ஒருமுறை முனகியது.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மரத்தை இனி வெட்டிவிடுவதுதான் நல்லது, மனம் கோணின மரத்தை வீட்டு முன்னால் வைத்திருக்கக் கூடாது என்றார். நியாரி பதறிப்போய், தன்னிடம் கயிறும் இடுப்புக் கச்சையும் இருக்கிறது, தானே ஏறி ஓலை கட்டித் தருகிறேன் என்றாள். யாரும் அதை ஏற்கவில்லை. வெளியூர்ப் பெண் விழுந்துவைத்தால் ஊருக்கல்லவா பழி.

"நான் ஏறுறேன்" என்றாள் கொலாப்.

சோளம் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"தள்ளின மரத்துல ஆம்பள ஏறக் கூடாதுன்னுதானே வழக்கம்? பொம்பளயப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"எந்தப் பொம்பளடி பனை ஏறினா, வழக்கம் சொல்றதுக்கு? நீ மேல நின்னா கீழ இருக்கிற ஆம்பளைங்களுக்கு ஆகுமா?" ஹியாங் எழுந்தே விட்டாள்.

"அப்ப நாளைக்குக் காலையில ஆம்பளைங்க யாரும் இந்தப் பக்கம் வராதீங்க. வந்தா நான் பொறுப்பில்ல."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஆண்களும் சிரித்துவிட்டார்கள். ஹியாங் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தம்பி? அவன் இங்கதானே கெடக்கான்? ஒருக்கா ஆனது போதாதா?"

அதற்குப் பெரியவரே வழி சொன்னார். காலையில் நாலு பேர் வந்து சாரேத்தைக் கட்டிலோடு தூக்கி ஹியாங் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவர வேண்டும். சாரேத்திடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வெளுத்ததும் நியாரி கொலாப்பின் இடுப்பில் கச்சையை மாட்டிவிட்டாள். சாரேத்தின் பழைய கால்சட்டையைப் போட்டு, அதற்கு மேலே கைலியைத் தூக்கிச் செருகியிருந்தாள் கொலாப். கச்சையிலிருந்து ஒரு வார் மரத்தைச் சுற்றிவந்து மறுபடி கச்சையில் மாட்டிக்கொள்ளும். ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி, கையை விட்டுச் சாய்ந்து பார்க்கச் சொன்னாள் நியாரி. கையை விட மனசு வரவில்லை.

"வார் தாங்கும் அக்கா. என்னையே எத்தனையோ மலையில தாங்கியிருக்கு."

"நீங்க ஒல்லி டீச்சர்."

"ரெண்டு நியாரியத் தாங்கும். விடுங்க."

விட்டாள். தாங்கியது. கொலாப் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டாள். பழைய ஓலையை இறக்க வேண்டாம், தூங்குகிறதுகள் பயந்து ஓடிவிடும், அதற்கு மேலேயே புது ஓலையைச் சுற்றிக் கட்டினால் போதும், தானாக மாறிக்கொள்ளும் என்று நியாரி மறுபடி மறுபடி சொன்னாள். தலைக்கு ஒரு தொப்பியும் முகத்துக்குத் துண்டும் கட்டிவிட்டாள். புதுப் பிரம்புச் சுருளும் கத்தியும் இடுப்பில் ஏறின. ஓலைகளைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவது நியாரியின் வேலை.

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடிவிட்டார்கள். வரக் கூடாது என்று கொலாப் சொல்லியும் ஆண்கள் கொஞ்சம் தள்ளி, மாட்டைப் பார்க்கிற சாக்கில் நின்றார்கள். கட்டில் தூக்க நாலு பேர் வந்தார்கள். கொலாப் அந்தப் பக்கம் பார்க்காமல் முதல் கணுவில் காலை வைத்தாள். பழைய கட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பக்கத்திலேயே புதுக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கணுவுக்குப் போனாள். பாதி மரம் ஏறினதும் வாரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். கீழே பேச்சுக் குரல் உயர்ந்தது.

"அந்தப் பக்கம் இல்லப்பா. இப்படித் தூக்குங்க" என்றது சாரேத்தின் குரல்.

"இப்படின்னா எங்க?"

"மரத்தடிக்கு. வலைக்குப் பக்கத்துல வைங்க."

"தம்பி, ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மேல அவ நிக்கிறா!" ஹியாங் வேலியை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "டேய், கீழ வைக்காதீங்கடா!"

"வைங்கப்பா. எம் பொண்டாட்டி ஏறுறா. கட்டுப் போடத் தெரியாதவ. கீழ நின்னு சொல்றதுக்கு ஆள் வேணாமா?"

கட்டிலின் கால்கள் ஈர மண்ணில் பதிகிற சத்தம் கேட்டது. கொலாப் வாரில் சாய்ந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு நேர் கீழே சாரேத் மல்லாந்து கிடந்தான். சட்டைப் பொத்தானை அவனே கழற்றிவிட்டிருந்தான். மார்பில் குத்திய பச்சை எழுத்து அத்தனையும் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவன் ஊர் கேட்கிற குரலில் கத்தினான்.

"ஏ புள்ள! மேல இருக்கிற கட்டெல்லாம் நான் கட்டினது. அத நம்பிக் கைய வெக்காத. உளுத்துப்போச்சு. தெரிஞ்சேதான் ஏறினேன், அதான் விழுந்தேன். எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டு ஒங் கையால புதுசாக் கட்டு!"

ஹியாங் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

தலைக்கு மேலே கைக்கு எட்டிய பழைய கட்டை அறுக்கக் கொலாப் கத்தியை எடுத்தாள். ஆனால் கட்டு எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, ஒன்று மரத்தில் இருந்தது, ஒன்றில் கத்தி. தலைக்கு மேலே ஓலைக்குள் வௌவால்கள் தூக்கத்தில் கீச்சிட்டன. பார்வை தெளியட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தெளிந்ததும் அறுத்தாள்.